பொங்கலுக்கு ஊர்வீட்டுக்கு அழைத்தால் எப்போது போவது, என்ன கொண்டுபோவது?

வாசகி ஒருவரின் கேள்வி, 2025 ஜனவரி 2

கணவரின் நண்பர் குடும்பம் தைப்பொங்கலுக்குத் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில் உள்ள தங்கள் ஊர்வீட்டுக்கு எங்களை அழைத்திருக்கிறது. நான் கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீட்டில் வளர்ந்தவள். எங்கள் பொங்கல் எரிவாயு அடுப்பில்தான் நடக்கும். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொங்கலன்று காலை பத்து மணியளவில் போய்ச் சேர்ந்தால் போதும்தானே? நல்ல கேக் ஒன்று வாங்கிப் போக நினைத்திருக்கிறேன். பின்னேரம் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போகலாமா?

ஜனவரி 2, இரவு

பத்து மணிக்குப் போனால் கழுவிக் கவிழ்த்த பானையைத்தான் பார்ப்பீர்கள். பொங்குவது சூரியனுக்கு. அவர் உங்கள் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கமாட்டார். முன்நாளே போய்விடுங்கள், அதுவும் இருட்டுவதற்கு முன்பு. கேக் வேண்டாம். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜனவரி 3

கேக்கில் முட்டை இருக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

இந்த முறை 13ஆம் திகதி திங்கட்கிழமை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அன்றுதான் திருவாதிரை, திருவெம்பாவையின் கடைசி நாள். மறுநாள் பொங்கல். அந்த வீட்டில் பெரியவர்கள் பத்து நாளாக மரக்கறியோடு இருப்பார்கள். நீங்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிய கேக்கை முகம் மலர வாங்கி, "ஐயோ, எதற்கு இதெல்லாம்" என்று சொல்லி, அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். பட்டிப்பொங்கல் முடிந்து அதை இறக்கும்போது எறும்பு முந்தியிருக்கும். அந்த அலுமாரியை நான் நன்கு அறிவேன். ஒரு முறை அதன்மேல் வெவ்வேறு விருந்தாளிகள் கொண்டுவந்த கேக் பெட்டிகள் வரிசையாக இருந்தன.

கடற்கரை பற்றிய கேள்விக்கும் சேர்த்துப் பதில்: தம்பலகாமத்தில் கடற்கரை இல்லை. வயலும் வாய்க்காலும்தான். நீங்கள் நினைக்கும் நிலாவெளிக் கடற்கரை, திருகோணமலை நகரத்துக்கு அப்பால். வடகீழ்ப் பருவமழை ஓயாத மாதத்தில் அங்கே கடல் குளிக்கிற நிலையில் இருக்காது. திருகோணமலை என்றதும் மீனும் நண்டும் நினைவுக்கு வந்திருந்தால் அதையும் இந்த இரண்டு நாளுக்கு மறந்துவிடுங்கள்.

ஜனவரி 3, சற்றுப் பின்

வழியைச் சொல்ல விட்டுப்போயிற்று. கொழும்பிலிருந்து வரும் பஸ் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வரும். தம்பலகாமச் சந்தி நகரத்துக்கு முன்பே வந்துவிடும். "திருகோணமலை" என்ற பலகையை நம்பி நகரம் வரை போய், அங்கிருந்து 24 கிலோமீட்டர் அளவு திரும்பி வருகிறவர்கள் வருடம்தோறும் இருக்கிறார்கள். சந்தியில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். சொந்த வாகனத்தில் வருவதென்றால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். வழிவிடும்வரை ஹார்ன் அடிக்காமல் இருப்பது உங்கள் சாரதியின் பொறுமையைப் பொறுத்தது.

சனி, ஞாயிறு, போயா, பொங்கல் என்று நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வருகிறது. ஆசனம் இன்றே பதிவு செய்யுங்கள்.

ஜனவரி 5

மட்டக்களப்பிலிருந்து ஒரு சகோதரி சூடாக எழுதியிருக்கிறார். முன்நாள் போகச் சொல்வது ஆண்களுக்கு எளிது, பாய் விரிப்பதும் இராச்சாப்பாடு போடுவதும் விடியற்காலையில் நான்கு பேருக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் அல்லவா விழும் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் தம்பலகாமத்தில் ஒரு நண்பன் இருக்கிறான், பொங்கலுக்கு நான் போவது அவன் வீட்டுக்குத்தான். அவன் மனைவியிடமே நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். சிரித்துவிட்டு, "அண்ணை, வருவது பிரச்சினை இல்லை, வந்து கதிரையில் இருப்பதுதான் பிரச்சினை" என்றார்.

ஆகவே என் பேச்சை வாபஸ் வாங்கவில்லை, நிபந்தனை போடுகிறேன். முன்நாள் போகிறவர் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்வை, துவாய், சவர்க்காரம், நுளம்புத் திரி எல்லாம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். இராச்சாப்பாட்டுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிட்டும் சம்பலும் இருந்தால் ராஜபோகம். கிணற்றடிக்குப் போகிறவர் அடுத்தவருக்கு வாளியை நிரப்பி வைத்துவிட்டு வரட்டும்.

முன்நாள் மாலை வேலைக்குக் குறைவில்லை. முற்றம் செருக்க வேண்டும், கரும்பு கட்ட வேண்டும், தேங்காய் உரிக்க வேண்டும். மழை மாதம் ஆதலால் எரிக்கக் காய்ந்த பொருள் தேடுவதே பெரிய பாடு. பாளை, சிரட்டை, பொச்சுமட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் குசினிக்குள் உலர்ந்த இடத்தில் அடுக்கி வைப்பார்கள். சிறுவர்களுக்கு ஏற்ற வேலை இது. கை கறுக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது பயறு வறுப்பது. தாச்சியைச் சிறு தீயில் வைத்துப் பயற்றைக் கொட்டி, கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சை நிறம் மங்கி மண்ணிறம் ஏறும். வாசம் கிளம்பிய பிறகும் சற்றுக் கிளறினால் கருகிவிடும். அதற்குச் சற்று முன் இறக்கினால் பச்சை வாடை போகாது. இறக்கி ஆறவிட்டு, அம்மியில் பரப்பிக் குழவியை மேலாக உருட்டினால் தோல் கழன்று இரண்டாகப் பிளக்கும். சுளகில் போட்டுக் கொழித்தால் தோல் பறந்து முற்றத்து மண்ணில் விழும். நண்பனின் தாயார் கொழிக்கும்போது ஒரு பருப்புக்கூட வெளியே விழாது. நான் கொழித்தால் கோழிகள் ஓடி வரும். அந்த அம்மா என்னை நிறுத்தவும் மாட்டார். "கொழி தம்பி, கோழிக்கும் பொங்கல்தானே" என்பார்.

கடையில் உடைத்த வறுத்த பயறு பாக்கெட்டில் கிடைக்கிறதே என்று யாரும் எழுத வேண்டாம். கிடைக்கிறது, எனக்கும் தெரியும்.

ஜனவரி 6

கேக் வேண்டாம் என்றால் வேறு என்ன? கஜு, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), ஏலக்காய், நல்ல நெய். ஊர்க்கடையில் இவை விலை கூட, சில நேரம் பழசாகவும் இருக்கும். கொழும்பில் புதிதாகக் கிடைக்கும். ஒரு சீப்பல்ல, ஒரு குலைக் கதலி வாழைப்பழம். இதைக் கந்தளாயில் இறங்கியே வாங்கலாம். வெற்றிலை பாக்கு. வீட்டில் மூத்தவர்களுக்கு வேட்டியோ சேலையோ கொடுக்க விரும்பினால் முன்நாள் மாலையே கொடுத்துவிடுங்கள். காலையில் முழுகிய பிறகு உடுத்த வாய்ப்பிருக்கும். பொங்கி முடிந்த பிறகு கொடுத்தால் அது அலுமாரிக்குள் போகும். (அதே அலுமாரி.)

பச்சரிசியும் பானையும் வாங்கிப் போகாதீர்கள். பானைக்குள் போகிற அரிசி அந்த வீட்டு அரிசியாக இருக்க வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். பானை பற்றி எனக்குத் தனிக் கோபம் இருக்கிறது. நகரத்தில் ஒரு கடையில் பளபளவென்று சாயம் பூசிய பானையை விற்றார்கள். அழகுக்கு வைக்கும் பானையாம். அதை வாங்கியவன் சொல்லவில்லை, விற்றவனும் சொல்லவில்லை. முதற்சூட்டிலேயே அடி விட்டது. பால் முழுவதும் அடுப்புக்குள். மண்பானை என்றால் முன்நாளே தண்ணீரில் ஊறவிட்டு எடுக்க வேண்டும்; அதுவும் சமைக்கச் சுட்ட பானையாக இருக்க வேண்டும்.

ஜனவரி 8

கனடாவிலிருந்து ஓர் ஐயா எழுதியிருக்கிறார்: தைப்பொங்கல் என்றால் புதுநெல் குற்றிப் பொங்குவதுதான், கடையரிசியில் பொங்குவதெல்லாம் இந்தக் காலத்துச் சோம்பல் என்று.

ஐயா, நீங்கள் எந்த ஊரை நினைத்து எழுதினீர்களோ தெரியாது. இங்கே தை முதல் நாளில் பெரும்பாலான வயல்களில் நெல் பச்சையாகத்தான் நிற்கும். மழைக்காலச் சாகுபடியான பெரும்போகத்துக்கு மழையோடு விதைக்கிறார்கள். கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் சில, கதிர் தள்ளியவை சில. அறுவடை பெரும்பாலும் மாசிப் பக்கம். முந்தி விதைத்தவர்களின் மேட்டு வயலில் கொஞ்சம் பழுத்திருக்கலாம். ஆகவே பொங்குவது சென்ற சிறுபோகத்து நெல்லில், இல்லையேல் கடையில் வாங்கிய சிவப்புப் பச்சரிசியில். இதில் சோம்பல் எங்கே வந்தது? புதுநெல்லுக்கென்று புதிர் எடுக்கும் நாள் தனியே இருக்கிறது, தைப்பூசம். நல்ல நேரம் பார்த்து வயலில் இறங்கி, முற்றிய கதிரில் ஒரு பிடி அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி அறையில் வைத்து, உமி நீக்கிய மணிகளைச் சோற்றோடு சேர்த்து உண்பார்கள்.

தம்பலகாமத்து வயலுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதே ஊரின் நாட்காட்டி. நண்பனின் தகப்பனார் இருந்தபோது பேச்செல்லாம் குளத்தில் முடியும். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியது என்று தொடங்குவார். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். விருந்தாளிகள் யாரேனும் "குளம் பார்க்கப் போகலாமா" என்று கேட்டால், "குளம் நம்மைப் பார்க்க வந்தது, தெரியுமா" என்பார்.

ஜனவரி 8, இரவு

பொங்கும் நேரம் எத்தனை மணி என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் ஒன்று சொல்லும். நீங்கள் போகும் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் ஆணியில் தொங்குகிறதோ அதுவே சரி. படலையைத் திறக்கும்போதே மற்றப் பஞ்சாங்கத்தின் கட்சி பேச வேண்டாம்.

ஜனவரி 10

கேள்வி கேட்ட சகோதரி மறுபடி எழுதியிருக்கிறார். கணவரின் பெரியம்மா சென்ற வாரம் காலமாகிவிட்டாராம். போகலாமா?

அப்படியே புறப்பட்டுப் போகாதீர்கள். துடக்கு (சாவுத் தீட்டு) கழிந்ததா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, அழைத்த வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எத்தனை நாள், எந்த உறவுக்கு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். எனக்கும் பெரிதாக இல்லை. ஆனால் பொங்கல் பானை வைக்கிறவர் நீங்கள் இல்லையே. "இப்படி ஒன்று நடந்திருக்கிறது, வரலாமா, பிறகொரு நாள் வரட்டுமா" என்று கேட்டால் அவர்கள் வாயாலேயே பதில் வரும். கேட்காமல் போய், பேச்சோடு பேச்சாகப் பந்தியில் அது வெளியே வந்தால் அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் நேரே பார்க்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 10, பின்னேரம்

கேட்டிருக்கிறார். துடக்கு ஒன்பதாம் திகதியோடு கழிந்துவிட்டது என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டார்களாம். வரச் சொல்லிவிட்டார்கள். நல்லது.

ஜனவரி 11

வெடி வாங்கிப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்கிறார். பால் பொங்கும்போது வெடி கொளுத்துவது வழக்கம்தான். போகும் வீட்டைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்பேன். காரணம் உண்டு, கொஞ்சம் நீளும்.

எனக்கு இன்னொரு நண்பர் குடும்பம் மூதூர்ப் பக்கம் சம்பூரில். 2006இல் போரால் அங்கிருந்து வெளியேறி, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்தார்கள். திரும்பிக் குடியேற 2015, 2016 ஆகிவிட்டது. திரும்பியபின் வந்த பொங்கலுக்கு என்னை அழைத்தார்கள். அந்தக் காலத்தில் வீடென்று சொல்ல இருந்தது ஒரு தகரக் கொட்டில். பழைய வீட்டின் அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் தெரிந்தது. துப்புரவாக்கி, அந்த அத்திவாரத்தின் மேல், முன்பு வாசல் இருந்த இடத்தில்தான் அடுப்பு வைத்தார்கள். கிணறு தூர்ந்து கிடந்ததால் தண்ணீர் பவுசரில் வந்தது. பொங்கலுக்கான தண்ணீரை முன்நாளே தனிக் குடத்தில் பிடித்து மூடி வைத்திருந்தார்கள்.

அயல் வீட்டுப் பையன் ஒரு கட்டுச் சீனவெடியோடு வந்தான். நண்பரின் மாமியார் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். பையன் கொடுத்துவிட்டான். அதை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "சங்கு ஊது ராசா" என்றார். அவனுக்குச் சங்கு ஊத வரவில்லை. காற்றுதான் வந்தது. எல்லோரும் சிரித்தோம், பால் பொங்கியதைக் கவனிக்கத் தவறிவிட்டோம்.

இப்போது அங்கே கல்வீடு கட்டிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் வெடி கொளுத்துகிறார்கள். மாமியார் அந்த நேரத்துக்குக் குசினிக்குள் ஏதோ வேலை வைத்துக்கொள்கிறார். ஆகவே தம்பி, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சம்பூருக்குப் போகிற வழியைக் கேட்டவருக்கு: இப்போது நகரத்திலிருந்து கிண்ணியாப் பாலத்தைக் கடந்து தரைவழியாகவே மூதூருக்குப் போய் உள்ளே திரும்பலாம். பாலம் 2009 அக்டோபரில் திறந்தார்கள், 396 மீட்டர். அதற்கு முன் கிண்ணியாத் துறையில் பாதைக்கு (வாகனம் ஏற்றும் மிதவைக்கு) காத்திருப்பதிலேயே பொங்கல் ஆறிவிடும்.

ஜனவரி 12

இன்று பின்னேரம் புறப்படுகிறேன். போயாவுக்கு முதல்நாளே போவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன். திருவெம்பாவையின் கடைசி விடியலில் சங்கும் சேமக்கலமுமாக ஊரைச் சுற்றி வருவார்கள். நகரத்தில் உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு அந்தச் சத்தம் எட்டாது. இரண்டு இரவா என்று மனைவி கேட்டாள். மட்டக்களப்புச் சகோதரியின் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினேன். தன் பங்குக்கு அரிசிமா இடித்து, அரித்து, டப்பாவில் போட்டுத் தந்தாள். கோலத்துக்கு.

மழை விட்டபாடில்லை. குடையைவிடப் பழைய செருப்பு முக்கியம். வெள்ளைக் காற்சட்டையோடு வருகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

ஜனவரி 14, இரவு

முற்றத்தில் தண்ணீர் நின்றது. பொங்கலை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று விடியற்காலை நான்கரை மணிக்கு ஒரு மாநாடு. சூரியனுக்குப் படைப்பதைக் கூரைக்குக் கீழே படைப்பதா என்றது ஒரு கட்சி. சூரியனே முகிலுக்குள் இருக்கும்போது கூரை என்ன செய்யும் என்றது மற்றக் கட்சி. கடைசியில் தாழ்வாரத்து ஓரமாக நாலு கூடை மணல் கொட்டி உயர்த்தி, மெழுகி, மேலே தகரம் ஒன்றைக் கம்பத்தில் கட்டினோம். உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக மாவைத் தூவிச் சதுரம் போட்டார்கள். சிறுவர்கள் கட்டிய கரும்பு ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. அதை யாரும் நிமிர்த்தவில்லை.

முன்நாள் அடுக்கிய பாளை உதவியது. தீ பிடித்துப் பால் சூடேறியதும் விளிம்பில் முதலில் சுருக்கம் விழுந்தது. பிறகு நடு எழும்பியது. பானைக் கழுத்தில் கட்டியிருந்த இஞ்சி, மஞ்சள் இலைகள் ஆவியில் வதங்கின. நுரை விளிம்பைத் தொட்டுவிட்டு உள்ளே இறங்கியது, மறுபடி ஏறியது, கிழக்குப் பக்கமாக வழிந்தது. நண்பன் இரு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று முறை சுற்றிப் போட்டான். அவன் தாயார் போட்டார், பிறகு மனைவி. "தம்பி, நீயும் போடு" என்றார் அம்மா. போட்டேன்.

இங்கே ஒரு சிறு புலம்பல். நகரத்திலிருந்து வந்த இன்னொரு விருந்தாளி, பெயர் வேண்டாம், கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பொங்கும் கணத்தில் அவருக்கு ஓர் அழைப்பு வந்து படம் நின்றுவிட்டது. "அந்த வழிந்த கட்டத்தை மட்டும் இன்னொரு தடவை..." என்று கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையைத்தான் யாராவது படம் பிடித்திருக்க வேண்டும்.

புக்கை, அதாவது பொங்கல் சோறு, நன்றாக வந்தது. பயறு ஒரு சொட்டுக் கருகல். யார் வறுத்தது என்று விசாரணை வைக்கவில்லை.

ஒன்பது மணிக்குள் அயலுக்குப் பங்கு போகத் தொடங்கியது. முஸ்லிம் வீடுகளுக்கும் சிங்கள வீடு ஒன்றுக்கும் மூடிய பாத்திரங்களைப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. எலுமிச்சம்பழமோ சீனியோ ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். விருந்தாளிப் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் ஊரில் பாதிப் பேரின் பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரி 15

பட்டிப்பொங்கல் பார்க்க நிற்கலாமா, பொங்கலன்று மத்தியானமே திரும்புவதா என்று கேட்டவர்களுக்கு: அந்த வீட்டில் மாடு இருந்தால் நில்லுங்கள். இல்லையென்றால் மத்தியானச் சாப்பாடு, ஒரு தூக்கம், தேத்தண்ணீர், பயணம். "நாளைக்குப் போகலாமே" என்று மூன்று முறை சொல்வார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

இங்கே இன்னொன்று. வயலில் நெல் நிற்கும் மாதங்களில் பெரிய பட்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். தூரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டில் நிற்பது பால் கறக்கும் பசு இரண்டும் ஒரு கன்றும். அவற்றைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, தொழுவத்து வாசலில் பொங்கினார்கள். கன்று மாலையைத் தின்றுவிட்டது. கூட்டம் கூட்டமாக மாடு ஓடும் காட்சியை எதிர்பார்த்து வந்த சிறுவன் ஒருவனுக்கு ஏமாற்றம்தான். கன்றைப் பிடிக்கக் கொடுத்தார்கள், சமாதானமாகிவிட்டான்.

ஜனவரி 17

வெள்ளவத்தைச் சகோதரியிடமிருந்து நீண்ட கடிதம். போய் வந்துவிட்டார்கள். முழுவதையும் இங்கே எழுத அவர் அனுமதிக்கவில்லை, ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். மூத்த மகள் தேங்காய் துருவக் கற்றுக்கொண்டாளாம். திருவலை வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறாளாம். கணவர் முன்நாள் மாலை கதிரையில் உட்கார்ந்தாராம். "நீங்கள் எழுதியதைக் காட்டினேன், எழும்பிவிட்டார்" என்கிறார். கேக் வாங்கவில்லை. நெய்ப் போத்தல் பையிலேயே கசிந்து எல்லோருடைய உடுப்பும் மணத்ததாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். வரும்போது அவர்கள் ஒரு சாக்கில் அரிசி, தேங்காய், ஒரு சட்டி எருமைத் தயிர் எல்லாம் தந்திருக்கிறார்கள். இவ்வளவா என்று மறுத்தாராம், தாயார் மனம் வாடியது போல இருந்ததாம்.

மறுக்காதீர்கள். பாரமாக இருந்தாலும் தூக்குங்கள். "கொஞ்சம் குறைத்துத் தாருங்கள்" என்று சொல்லலாம், அதில் தவறில்லை. தயிர்ச்சட்டியை பஸ்ஸில் கொண்டுபோவது தனிக் கலை. வாயை வாழையிலையால் மூடி, துணியால் இறுக்கிக் கட்டி, காலுக்கு இடையில் வைக்க வேண்டும். மேல் தட்டில் வைத்தால் தம்புள்ளைக்கு முன்பே முன் ஆசனக்காரருக்கு அபிஷேகம் நடக்கும். சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது கடையில் தயிரோடு வருவது.

பதிலுக்கு என்ன செய்வது என்றால், அவர்களைக் கொழும்புக்கு அழையுங்கள். ஊர்க்காரர்கள் கொழும்புக்கு வருவது பெரும்பாலும் வைத்தியசாலைக்கு, கடவுச்சீட்டுக்கு, விமான நிலையத்துக்கு. அப்படி வரும்போது எங்கே தங்குவது என்ற கவலை அவர்களுக்கு இருக்கும். உங்கள் வீட்டு மண்டபத்தில் ஒரு பாய்க்கு இடம் உண்டு என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

ஜனவரி 22

பேச்சு கோயிலுக்குத் திரும்பிவிட்டது. பொங்கலன்று தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயிலுக்குப் போகாமல் வந்தது குறைதானே என்று ஒருவர்.

போனோம், எழுதவில்லை, அவ்வளவுதான். படையல் முடிந்து, புக்கை சாப்பிட்டு, மழை சற்று விட்ட நேரத்தில். கோணமலையில் இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்த பிறகு, அங்கிருந்து காப்பாற்றி மறைத்து வைத்த திருவுருவங்களுக்காக எழுந்தது இந்தக் கோயில் என்பது ஊரின் மரபு. மலைமேல் இப்போதுள்ள கோணேசர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடைப்பட்ட முந்நூறு வருடத்துக்கு மேலாகக் கோணநாயகர் வயலுக்கு நடுவில் இருந்தார் என்று தம்பலகாமத்துக்காரர்கள் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வரும். நகரத்துக்காரனான நான் வாய் திறப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். பொங்கலன்று விருந்தாளி "இடம் பார்க்க" ஆசைப்பட்டால் தானே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டை, கோணேசர் என்று பட்டியலைக் காட்டி, விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிய வீட்டுக்காரரை வாகனம் ஓட்டச் சொல்வது அநியாயம். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைத்தொலைபேசிக்காரரும் சொன்னார்.

பெப்ரவரி 12

நேற்றுத் தைப்பூசம். நண்பன் புதிர் எடுத்தான். முந்தி விதைத்த மேட்டு வயலில் ஒரு மூலை பழுத்திருந்ததாம். மற்றதெல்லாம் இன்னும் சில வாரம் போகும். ஜனவரி மழையில் தாழ்வான பக்கம் நெல் சாய்ந்துவிட்டது, இயந்திரம் இறங்குமோ தெரியாது என்று கவலைப்படுகிறான். கனடா ஐயாவுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டேன். "அப்படியானால் நான் சிறுவயதில் பொங்கலுக்குச் சாப்பிட்டது எந்த நெல்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். உங்கள் அம்மாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும் ஐயா.

சித்திரைப் புத்தாண்டுக்கு அழைத்தால் என்ன செய்வது என்று அதற்குள் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. மருத்துநீர், கைவிசேடம், போர்த்தேங்காய் எல்லாம் தனி விவகாரம். போர்த்தேங்காயில் எனக்கு ஒரு பழைய வழக்கும் நிலுவையில் இருக்கிறது. பங்குனியில் கேளுங்கள்.